வானுக்குள் கட்டெறும்பு: மாங்குளம் குறிப்புகள்

ஒக்டோபர் 14, திங்கள்

வான் வண்டிக்குள் அடித்த கட்டிலின் பலகைக்குக் கீழே மறுபடியும் தூள். நேற்றுப் பின்னேரம்தான் கூட்டித் தள்ளினேன். வெறும் மரத்தூள் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். விரலால் கிண்டிப் பார்த்தால் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையின் துகள், எறும்புக் கால், ஏதோ பூச்சியின் செட்டை எல்லாம் கலந்து கிடக்கிறது. கறையான் மண்ணெடுத்துக் கொண்டு வரும், இப்படிக் குப்பையை வெளியே கொட்டாது. அப்பா கதவுக்குள்ளால் எட்டி ஒருதரம் பார்த்தார். "கட்டெறும்பு. உள்ளுக்கை குடியிருக்குது."

ஒக்டோபர் 15

அப்பாவின் ரிப்போட்டைப் பற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

ஒக்டோபர் 17, வியாழன்

அப்பா இப்போது இரவில் வானுக்குள்தான் படுக்கிறார். வீட்டுக்குள் தகரச் சூடு மூச்சை அடைக்கிறதாம். கதிர்காமம் போக, அறுகம்பேயில் கடலைப் பார்த்துக்கொண்டு படுக்க என்று அடித்த கட்டில் அது. சரி, யாராவது படுத்தால் போதும்.

பத்து மணிக்குப் பிறகு பலகைக்குள் சரசரவென்று கேட்கிறது என்கிறார். மருந்தின் வேலை என்கிறாள் அக்கா. நான் போய்க் காதை வைத்தேன். கேட்கிறது. கையால் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் இன்னும் கூடுகிறது.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப இனி ரெண்டு பேருக்கும் குளிசை எடுப்பம்" என்றாள்.

ஒக்டோபர் 18

பக்கத்து அண்ணை வயலுக்கு அடிக்கிற மருந்தைப் போத்தலில் கொண்டு வந்து நிற்கிறார். நல்ல மனுசன். ஆனால் அப்பா மூக்கை வைத்துப் படுக்கிற இடத்தில் அதை அடிப்பதா? சுவாசத்துக்காகத்தானே இந்த ஓட்டமெல்லாம். இன்னொன்று, அடித்தால் சாவது வெளியே நடமாடுகிற எறும்புதான். கூட்டில் இருப்பது மிச்சம். அவை இந்தப் பக்கத்துப் பலகையை விட்டு அந்தப் பக்கத்துக்குக் குடிபெயரும், அவ்வளவுதான்.

அண்ணைக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். போத்தலை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

நித்திரை வரவில்லை, அதனால் எறும்புக்குப் பின்னால் போனேன்.

ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் அவை கலையாது. சிவப்பு வெளிச்சம் அவற்றுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பின் கதவுக்கு அருகே ஒரு துளி தேன் வைத்துவிட்டுக் குந்தியிருந்தேன். எட்டு மணிக்கு ஒன்றையும் காணோம். பத்தரைக்கு வரிசை கட்டி வருகின்றன. தேனைக் குடித்தவை வயிறு மினுங்க, ஜன்னல் றப்பரைத் தாண்டிக் கூரைக்கு ஏறி, தறப்பாள் கட்டிய கயிற்றில் நடந்து போகின்றன. கயிற்றின் மறுமுனை பாலை மரத்தில். அங்கே ஆளுயரத்தில் ஒரு பொந்து.

அப்போ தாய்வீடு மரத்தில். வானுக்குள் இருப்பது கிளை. இராணியும் முட்டையும் ஈரமுள்ள பொந்திலே இருக்கும். வளர்ந்த புழுவையும் கூட்டுப்புழுவையும்தான் காய்ந்த, சூடான இடத்துக்குத் தூக்கி வரும். தகரத்துக்கும் பிளைவூட்டுக்கும் நடுவே வெயிலுக்காக ரெஜிபோம் வைத்தோமே, அதைவிட மெத்தென்ற இடம் அவற்றுக்கு எங்கே கிடைக்கும்?

அப்பா விழித்துத்தான் இருந்தார். "மரத்திலை கை வையாதை" என்றார். நான் ஒன்றும் சொல்லவேயில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது காணியில் மிஞ்சி நின்றது அந்தப் பாலைதான்.

ஒக்டோபர் 21

கயிற்றை அவிழ்த்தேன். வானை முற்றத்து நடுவுக்கு எடுத்து விட்டேன். மேலே ஒரு இலையும் முட்டாது.

ஒக்டோபர் 23, புதன்

மழை. போன் இல்லை. அப்பா கஞ்சியும் வேண்டாம் என்கிறார்.

ஒக்டோபர் 24

கரம் போட்டுக்குத் தூவுகிற போரிக் பவுடரைப் பாமசியில் கேட்டு வாங்கினேன். அரை லீற்றர் சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி பவுடர், எட்டு மேசைக்கரண்டி சீனி. பஞ்சில் நனைத்துச் சோடா மூடிகளில் வைத்தாயிற்று, நாய் எட்டாத உயரத்தில்.

பவுடரைக் கூட்டிப் போட்டால் கெதியாகச் சாகுமே என்று அக்கா கேட்டாள். கெதியாகச் செத்தால் வழியிலேயே விழுந்துவிடும். இது மெல்லத்தான் வேலை செய்யவேண்டும். குடித்தது வீட்டுக்குப் போய், வாயோடு வாய் வைத்து மற்றதுக்கு ஊட்டி, அது புழுவுக்கு ஊட்டி, இராணி வரைக்கும் போகவேண்டும். அதனால் மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்தாலும் ஒன்றையும் நசுக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். எனக்கு அதுதான் ஏலாத காரியம். ரிப்போட் வரும்வரை சும்மா இருங்கோ என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். எல்லோரும் என்னைச் சும்மா இருக்கத்தான் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 28, திங்கள்

டியூப் லைற்றடியில் செட்டை முளைத்தவை. அக்கா ஈசல் என்று கூட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன்: இடுப்பு ஒடுங்கல், முன்செட்டை நீளம், பின்செட்டை கட்டை. ஈசலுக்கு நாலும் ஒரே அளவு. இது எங்கட ஆட்கள்தான்.

ஒக்டோபர் 31

தீபாவளி. கனடாவிலிருந்து தம்பி கதைத்தான். வானை வித்துவிட்டுக் காரில் கூட்டிப் போகலாமே என்றான். அப்பாவால் அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்க ஏலாது என்பதை அவனுக்கு எத்தனை தரம் சொல்வது. லைன் கட்டாகிவிட்டது, அல்லது கட் பண்ணினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மூடிகளில் கூட்டம் குறைந்துவிட்டது. பலகையைக் கழற்றினேன். அப்பா கதிரையில் சாய்ந்திருந்து எந்த ஆணியை முதலில் எடுப்பது என்றுகூடச் சொன்னார். காட்டு மரத்தோடு கிடந்த ஆள்.

உள்ளே சட்டம் முழுக்க அறை அறையாக. சுவரெல்லாம் சீவுளி போட்டது போல் வழுவழுப்பு. மரத்தைத் தின்பதில்லை, இருக்க இடம் எடுக்கத்தான் குடைகின்றன. செத்தவை ஒரு பிடி, உயிரோடு கொஞ்சம், வெள்ளை வெள்ளையாய்க் கூட்டுப்புழு. இராணி இல்லை. எல்லாவற்றையும் வழித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன். சட்டத்தின் அடிப்பக்கம் கறுத்து ஊறியிருந்தது.

"காய்ஞ்ச வைரத்திலை உது தொடங்காது. நனைஞ்சு இளகின இடத்தைத்தான் தேடும்" என்றார் அப்பா. தண்ணீர் எங்கிருந்து என்று வாளியால் ஊற்றிப் பார்த்தோம். பின் ஜன்னல் றப்பர் வெயிலில் வெடித்து, மூலையால் ஒழுகுகிறது. புது றப்பரும் சிலிக்கனும் போடாமல் புதுப்பலகை அடித்துப் பிரயோசனமில்லை.

பின்னேரம் அவர் அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

நவம்பர் 5

றப்பர் போட்டாயிற்று. ஒழுக்கு இல்லை. ஓடாவியார் சட்டத்தை மாற்றினார், கூலியில் கொஞ்சம் திருப்பித் தந்தார். பொந்துக்குப் பக்கத்தில் மூடிகளை வைத்திருக்கிறேன். மரத்தில் கை வைக்கவில்லை, மூடிதான் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

போன் வந்தது. வெள்ளி காலை எட்டு மணிக்கு நிற்கவேண்டும், ஆளையும் கூட்டிக்கொண்டு. ரிப்போட்டைப் பற்றிக் கேட்டேன், வாங்கோ கதைப்பம் என்றார்கள்.

பலகை இன்னும் பூட்டவில்லை. ரெஜிபோமும் இல்லை, அந்தப் பக்கம் வெறும் தகரம். வெயில் ஏற முதல் ஆனையிறவைத் தாண்டவேண்டும், அப்போ நாலரைக்கு வெளிக்கிட்டால் சரி. அக்கா தலையணை உறை தோய்க்கிறாள். அப்பா ஜன்னல் பக்கம் தலை வைக்கவேண்டுமாம்.