ஐஸ் பையும் கைபேசியும்

கல்லூரி அணிகளுக்கு பிசியோதெரபிஸ்டாக இருப்பவனுக்கு ஆடுகிறவர்களைவிட ஆட முடியாமல் கிடப்பவர்களைத்தான் நன்றாகத் தெரியும். சமூக ஊடகமும் வீரர்களின் மனநலமும் என்று பேச்சு எடுத்தாலே, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு வந்து குவியும் வசவுகளைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். பந்தயம் கட்டிப் பணத்தை விட்டவர்கள் மாணவர்களுக்கே மிரட்டல் அனுப்புகிறார்கள். ஆனால் என் அறைக்கு வரும் சங்கடம் வேறு.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வந்த கைப்பந்து வீராங்கனை ஒருத்தி. முழங்கால்மேல் ஐஸ் பை இருக்கும். தொடையை இறுக்கச் சொன்னால் இறுக்குவாள். கட்டைவிரல் மட்டும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அணி வெளியூர் போன படங்கள், தன் இடத்தில் நிற்கும் ஜூனியர் பெண், எல்லாவற்றையும் பார்த்துப் பொறுத்துக்கொண்டாள். அவளை அசைத்தது யாரோ ஒருவனின் வீடியோ. அதே அறுவை சிகிச்சை. ஐந்தாம் மாதத்திலேயே பெட்டிமேல் தாவுகிறான். "எனக்கு இன்னும் படியிறங்கவே பயமாக இருக்கிறதே சார்" என்றாள். அடுத்த முறை முழங்கால் வீங்கியிருந்தது. விடுதி மாடியில் தனியாகத் தாவிப் பார்த்தாளாம்.

பொருத்திய தசைநார் வலுப்பெறும் முன், தொடக்க மாதங்களில் இன்னும் பலவீனமாகும். 9 மாதங்களுக்கு முன்பே களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். தாவிய மறுநாள் காலை வீக்கத்தை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை.

போனைப் பிடுங்கி வையுங்கள் என்பார்கள் பயிற்சியாளர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அணியோடு அவளுக்கு மிஞ்சியிருக்கும் தொடர்பு அந்தப் போன்தான். அமெரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். பின்தொடர்பவர்கள் குறைந்தால் அங்கே வருமானமும் குறையும். அவர்களிடம் போய் போனை மூடு என்று யார் சொல்வது? அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலம் கருதிப் பல பிரிவுகளிலிருந்து விலகினார். மனச்சோர்வைப் பற்றிப் பேச இப்போது மாணவர்கள் அவ்வளவு கூசுவதில்லை. இரவில் எதைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார்கள் என்பதை மட்டும் நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். அதனால் வலி எவ்வளவு என்று கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுகிறேன்.

அவளுக்கு ஒப்பிட ஆள் வேண்டும் என்றால் காயம்படாத சொந்த இடது கால் இருக்கிறது. ஒற்றைக் காலில் தாவும் தூரத்தை இரு கால்களுக்கும் அளந்து, அவள் போனிலேயே பதிந்து வைத்தோம். அந்தத் தாவல்காரனைப் பின்தொடர்வதை அவள் நிறுத்தவில்லை. "அவனுக்கும் வீங்கியிருக்கும், இல்லையா சார்?" என்று அவ்வப்போது கேட்பாள். கண்டிப்பாக வீங்கியிருக்கும் என்பேன். நான் என்ன, போய்ப் பார்த்தேனா?