பைக்கில் வந்த 'டிக்' சத்தம்

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது பைக்கில் 'டிக்… டிக்' என்று ஒரு சத்தம். நிறுத்தி முறுக்கினால் கேட்காது, ஓடினால்தான் வரும். ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்தேன். எஞ்சின் அடங்கியும் சத்தம் வேகத்தோடேயே வந்தது. அப்ப பிழை எஞ்சினில் இல்லை, சில்லு, செயின் பக்கம்தான்.

எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லை மெதுவாகக் கையால் சுற்றினேன். சில்லு இரண்டு மூன்று சுற்று வர ஒரு 'டிக்'. சில்லில் பிழை என்றால் சுற்றுக்கொருக்கால் கேட்கவேணும். செயின் நீளம், அது ஒருக்கால் முழுசாச் சுற்றிவரச் சில்லு இரண்டு மூன்று சுற்று வரும்; அப்ப இது செயின். பார்த்தால் ஒரேயொரு கண்ணி மடங்காமல் விறைத்து, பல்லில் ஏறும்போது துள்ளுது! கிறவல் புழுதியும் பழைய எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, மடக்கி மடக்கி இளக்கி, எண்ணெய் விட்டதும் சத்தம் போயிட்டுது.

தம்பிமார், உள்றோட்டுகளில் ஓடுறனீங்கள் எஞ்சினைக் கழற்றக் கொடுக்க முதல் இதைப் பாருங்கோ.