அக்ரா ஓயாவில் ட்ரௌட் தேடி

தலவாக்கலையில் ரயிலை விட்டிறங்கி, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு ஏறும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே அக்ரா ஓயா அவ்வப்போது தென்பட்டு மறைகிறது. கொத்மலை ஓயாவின் வழியே மகாவலிக்குப் போய்ச் சேரும் இந்த ஆற்றின் மேற்பகுதியில், இலங்கைக்குரியதல்லாத ட்ரௌட் என்ற மீன் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. குளிர்ந்த, பிராணவாயு மிக்க நீர் இல்லாமல் ட்ரௌட் பிழைக்காது என்பதால், சமவெளி ஆறுகளில் அதற்கு இடமே இல்லை. ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் 1880களில் முதலில் பழுப்பு ட்ரௌட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இங்கே சரியாகப் பெருகவில்லை. பின்னர் வந்த, வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரௌட்தான் மலையகத்து ஓடைகளில் இனப்பெருக்கம் செய்து நிலைத்தது. அந்தக் காலத் துரைமார் 1896 இல் இதற்கென்றே ஒரு மீன்பிடிக் கழகத்தையும் தொடங்கினார்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர் அங்குள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா துரைமாருக்குத் தூண்டில் பை சுமந்து ஆற்றோரம் நடந்தவராம். துரைமார் ஊர் திரும்பிவிட்டார்கள், ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும், எந்த மழைக்குப் பின் எத்தனை நாளில் நீர் தெளியும் என்ற அறிவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கிவிட்டது. இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதித்தது அந்த அறிவைத்தான்.

விடிந்ததும் ஆற்றங்கரையை அடைந்தோம். ஆயினும் அவர் நெடுநேரம் தூண்டிலைத் தொடவே விடவில்லை. “தம்பி, கரையில நின்னு எட்டிப் பார்க்காதீங்க, குனிஞ்சு வாங்க” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ஒரு மடுவுக்குக் கீழ்ப்புறமாகப் புல்லுக்குள் முழங்காலிட்டு அமர்ந்தார். ட்ரௌட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்து நிற்கும் மீன். ஆகையால் கீழிருந்து மேலாக நெருங்குபவரை அது எளிதில் காணாது. நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், மேலே உள்ள உலகம் முழுவதும் அதற்கு ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடுகின்றன. நிமிர்ந்து நிற்கும் மனிதன் அதற்குப் பளிச்செனத் தெரிவான், குனிந்திருப்பவன் தெரியமாட்டான். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அது அதிர்வையும் அறிந்துகொள்ளும் என்பதால், ஒரு கல் புரண்டாலே மடு வெறுமையாகிவிடும். பெரியவர் இவற்றையெல்லாம் எந்த நூலிலும் படித்தவரல்லர். அவருடைய நடையே அதைச் சொன்னது.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிக்கு எடையே கிடையாது. அதை எறியும் கனம் தடித்த கயிற்றில்தான் இருக்கிறது. கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பு மீனின் கண்ணுக்குத் தப்ப வேண்டும். எறிவதைக் காட்டிலும் கடினமானது, விழுந்த பூச்சியை நீரின் போக்கிலேயே மிதக்கவிடுவது. வேகமான நீரில் கிடக்கும் கயிறு பூச்சியை இழுத்து, அது நீரைக் கீறிக்கொண்டு சென்றால், எத்தனை பசியுள்ள ட்ரௌட்டும் ஒதுங்கிவிடும். அதனால் பெரியவர் என்னைக் கயிற்றின் நடுப்பகுதியை நீரோட்டத்தின் மேற்புறமாக மெல்லத் தூக்கிப் போடப் பழக்கினார். வெயில் ஏறுமுன், நுரைக்கோட்டின் ஓரத்தில் மிதந்த பூச்சி சட்டென்று மறைந்தது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் கொண்ட, கைச்சாணளவேயான மீன் அது. எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவேயில்லை. செவுள் காயாதபடி, நனைத்த கையால் நீருக்குள் வைத்தே முள்ளை அகற்றி, மீனை நீரிலேயே விட்டோம்.

விடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி இங்கே எளியதன்று. மலைமேலுள்ள தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு நன்னீர் இறால் இனம் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த வேட்டை மீன் அதற்கு ஆபத்தானது. பூங்காவுக்குள் மீன்பிடிக்க இடமில்லாதது நல்லதே என்றும், புதிய ஓடைகளில் ட்ரௌட் குஞ்சுகளை விடுவது கூடாது என்றும் நான் உறுதியாக நினைக்கிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏற்கெனவே நிலைத்துவிட்ட ஆறுகளில் பிடித்தாலே போதும். போக விரும்புவோர் மழை குறைந்து ஆறு தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களைத் தேர்ந்து, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, மங்கிய நிற உடையோடு செல்லவும். வழிகாட்டியை அந்தந்தத் தோட்டத்து மக்களிடமிருந்தே தேடிக்கொள்ளவும்.