எந்த ஊர்ப் பன்னிரண்டாயிரம்?

எங்கள் பக்கத்து மஞ்சள் விவசாயிகளுக்காகத் தினசரி ஏல விலை போடுகிற ஒரு சின்ன வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை, ஈரோடு சொசைட்டி, கோபி சொசைட்டி என நான்கு இடம், ஒவ்வொன்றிலும் விரலி, கிழங்கு என்கிற இரண்டு மஞ்சள் ரகத்துக்கும் குவிண்டாலுக்குக் குறைந்த விலை, கூடிய விலை, எல்லாம் ஒரே அட்டவணையில். பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

என் தாய்மாமாவுக்குப் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. லேப்டாப்பில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்கிற இலவசத் திரைவாசிப்பான் வைத்திருக்கிறார், அதில் அவர் விரல் ஓடுகிற வேகம் எனக்கு வராது. ஒருநாள் விலைப் பக்கத்தைத் திறந்து, அட்டவணைக்குத் தாவுகிற ‘டி’ (T) எழுத்தை அமுக்கினார். அடுத்து அட்டவணையே இல்லை என்று சொல்லிவிட்டது. சரி என்று கீழ்நோக்கிய அம்புக்குறியை அமுக்கி ஒவ்வொன்றாகக் கேட்டால், வெறும் எண்கள் வரிசையாக வந்து விழுகின்றன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பன்னெண்டாயிரம்னு சொல்லுது கண்ணு, எந்த ஊருப் பன்னெண்டாயிரம்? வெரலியா, கெழங்கா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. நான் அட்டவணையே போடவில்லை, டிவ் (div) என்கிற வெறும் பெட்டிகளை அடுக்கி அட்டவணை மாதிரி காட்டியிருந்தேன். கண்ணுக்குக் கட்டம் தெரியும், திரைவாசிப்பானுக்கோ எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று தெரிய வழியே இல்லை.

அன்று ராத்திரியே உட்கார்ந்து அட்டவணைக்கென்றே இருக்கிற உண்மையான டேபிள் டேகுக்கு (table) மாற்றினேன். தலைப்பு வரிசைக்கு, தலைப்புக் கட்டம் என்று சொல்கிற டிஹெச் (th) போட்டு, எதற்குத் தலைப்பு என்று சொல்கிற ஸ்கோப்பை ‘கால்’ (col, நெடுவரிசை) என்றும், ஊர்ப் பெயர்களையும் சாதாரணக் கட்டமான டிடியாக (td) விடாமல் டிஹெச் ஆக்கி ஸ்கோப்பை ‘ரோ’ (row, கிடைவரிசை) என்றும் கொடுத்தேன். இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மாமா கேட்ட “எந்த ஊரு” என்கிற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழம்பை அமுக்கினால் ‘கோபி சொசைட்டி’ என்று சொல்லிவிட்டு விலையைச் சொல்லும், வலதுபக்கம் போனால் ‘கூடிய விலை’ என்று சொல்லிவிட்டுச் சொல்லும்.

விரலிக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று என்று பெரிய தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் குறைந்த விலை, கூடிய விலை என்று இரண்டு சின்னத் தலைப்பு என்று கட்டங்களை இணைத்திருந்ததுதான் படுத்தியது. ஐடி (id), ஹெட்டர்ஸ் (headers) என்கிற குறிப்புகளையெல்லாம் கொடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் அதன் தலைப்புகளோடு முடிச்சுப் போடலாம், முறைதான், ஆனால் தினமும் விலை மாற்றுகிற பக்கத்தில் ஒரு முடிச்சு தவறினால் விரலி விலை கிழங்கு விலையாகக் கேட்கும். அதனால் இரண்டு தனி அட்டவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையின் பெயரான கேப்ஷனில் ‘விரலி மஞ்சள், குவிண்டாலுக்கு, ரூபாயில்’ என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இப்போது ‘டி’ அமுக்கினால் முதலில் அதுதான் காதில் விழுகிறது.

அப்புறம் சில்லறை வேலைகள். ஏலம் நடக்காத நாளில் விலைக்குப் பதில் போட்ட சின்னக் கோட்டை (-) திரைவாசிப்பான் வாசிக்காமல் தாண்டிப்போனது, ‘ஏலம் இல்லை’ என்று எழுதினேன். விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று இருந்ததோடு வார்த்தையையும் சேர்த்தேன். வார்ப்புருவில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று கிடந்தது, தமிழ் என்று மாற்றினேன்.

எல்லாம் சரியான பிறகு நானே கெடுத்தேன். போனில் அட்டவணை பக்கவாட்டில் நகர வேண்டுமென்று டேபிளுக்கே டிஸ்ப்ளே பிளாக் (display: block) என்கிற தோற்ற விதியைக் கொடுத்தேன், மாமாவின் பழைய பிரவுசரில் அது மறுபடி அட்டவணை இல்லாமல் போய்விட்டது. அதை எடுத்துவிட்டு, டேபிளைச் சுற்றி ஒரு டிவ் போட்டு அதை நகர வைத்து, கீபோர்டிலும் நகர்த்த டேப்இன்டெக்ஸ் சுழியம் (tabindex 0) கொடுத்தேன்.

மறுவாரம் மாமா விரலி விலையை மேலிருந்து கீழே ஒருமுறை, திரும்ப ஒருமுறை கேட்டார். “கோபிக்கே கொண்டு போயிரலாம் கண்ணு, வண்டி வாடகையும் மிச்சம்” என்றார்.

பழைய மாதங்களின் விலை இன்னும் போட்டோவாகத்தான் கிடக்கிறது, அதை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.