ஸ்கிராம்பிள்டு சேனலும் ஒன்பது நாள் அலைச்சலும்

ஒன்பது நாள். நான்கு தொலைபேசிப் புகார்கள், சேவை மையத்துக்கு இரண்டு நடை, ஒரு டெக்னீஷியன் வருகை. இத்தனைக்கும் காரணம் இரண்டு. ஒன்று, என் குறிப்பேட்டில் இருந்த ஒரு பழைய எண். மற்றொன்று, துருப்பிடித்த ஒரு சின்ன கனெக்டர். இரண்டாவதைக் கடைசியில் நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முதலாவதற்கு நானே காரணம் என்பதில் நிறையவே வெட்கமும் உண்டு.

இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. செட்டாப் பாக்ஸ் மின்சாரம் இல்லாமல் அணைந்திருந்தது. சந்தாவும் இடையில் முடிந்திருந்தது. திரும்பி வந்த அன்றே சந்தாவைக் கட்டிவிட்டு டிவியைப் போட்டால், அம்மா பார்க்கும் தொடர் வரும் சேனலில் ‘ஸ்கிராம்பிள்டு சேனல்’ (பூட்டிய சேனல்) என்று ஒரு பட்டை. அடுத்த சேனலிலும் அதே. வேறு சிலவற்றில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் விக்கி விக்கி நின்றது. இன்னும் சிலவற்றில் ‘சிக்னல் இல்லை’. இலவசச் சேனல்கள் பாதி மட்டும் பளிச்சென்று வந்தன.

இந்த இடத்திலேயே நான் நிதானித்திருக்க வேண்டும். மூன்று விதக் கோளாறு தெரிகிறது என்றால் மூன்றும் ஒன்றல்ல. ஆனால் ‘பாக்ஸ் கெட்டுவிட்டது’ என்று ஒரே வரியில் முடிவு கட்டிவிட்டேன். வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோதும் அதையேதான் சொன்னேன்.

எதிர்முனையில் இருந்தவர் பணிவாகத்தான் பேசினார். “கார்டு எண் சொல்லுங்கள் சார்.” பாக்ஸுக்குள் செருகியிருக்கும் சந்தா கார்டின் எண். குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். “சிக்னல் அனுப்பிவிட்டோம் சார். அரை மணி நேரம் பாக்ஸை அணைக்காமல், ஏதாவது ஒரு கட்டணச் சேனலிலேயே வைத்திருங்கள்.” வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வேறொருவர், அதே கேள்வி, அதே எண், அதே அரை மணி நேரம். மூன்றாவது அழைப்பில், “ரிமோட்டில் பேட்டரி இருக்கிறதா?” என்றுகூடக் கேட்டார்கள். சேனல் மாற்றி மாற்றித் திரையில் வருவதை நான் அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன், பேட்டரி இல்லாமல் எப்படி மாறும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அந்த அரை மணி நேர அறிவுரை மட்டும் வெறும் சாக்கு அல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டணச் சேனலைத் திறக்கும் சாவி சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சாவியை எடுத்துக்கொடுக்கும் உரிமை உங்கள் கார்டுக்கு உண்டா என்பதை வேறொரு செய்தி சொல்ல வேண்டும். அந்தச் செய்தி போன் வழியாகவோ இணையம் வழியாகவோ வருவதில்லை. அதுவும் செயற்கைக்கோளிலிருந்து, டிஷ் வழியாகத்தான் வருகிறது. உங்கள் கார்டின் எண்ணை முகவரியாக எழுதிக்கொண்டு வருகிறது. பாக்ஸ் அணைந்திருந்தால் அஞ்சல்காரர் வரும்போது வீடு பூட்டியிருந்த கதைதான். வெளியூர் போய் வந்தவர்களுக்கு ‘ஸ்கிராம்பிள்டு’ வருவது பெரும்பாலும் இதனால்தான். அவர்களுக்கு அரை மணி நேரப் பொறுமையே போதும். எனக்குப் போதவில்லை. முகவரியே தவறு என்பது அப்போது தெரியாது.

நான்காம் நாள் டெக்னீஷியன் வந்தார். திரையைப் பார்த்த மறுகணமே, “டிஷ் நகர்ந்திருக்கிறது” என்றார். மெனுவில் ஒரு முறை சிக்னல் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். இல்லை, நேரே மாடிக்குப் போய்விட்டார். கையில் ஒரு மீட்டர். அது கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. நட்டுகளைத் தளர்த்தி, டிஷ்ஷை இப்படியும் அப்படியும் அசைத்து, ஒலி உச்சத்துக்குப் போன இடத்தில் நிறுத்தி முறுக்கினார். கீழே வந்து பார்த்தால் முன்பு பளிச்சென்று வந்த இலவசச் சேனல்களிலும் இரண்டு மூன்று உடைய ஆரம்பித்திருந்தன. “பாக்ஸ் பழசு சார், மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: ஒரு சேனலாவது சுத்தமாக வந்துகொண்டிருக்கும்போது டிஷ்ஷின் நட்டைத் தொட யாரையும் விடாதீர்கள். செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. டிஷ் 1 டிகிரி திரும்பினால் அதன் பார்வை அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அப்படியே தொடுவதானால் முதலில் இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளையாக எங்கள் டிஷ்ஷில் பழைய துருக்கறையே அந்தக் கோடாக இருந்தது. அன்று மாலை நானே ஏறி அதே கறைக்கு நேராகத் திருப்பி வைத்தேன். இலவசச் சேனல்கள் பழையபடி ஆயின. இரண்டாவது விஷயம், மெனுவில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமை நிறைந்திருப்பதில் அர்த்தமில்லை, இரைச்சலுக்கும் வலிமை உண்டு. பார்க்க வேண்டியது தரம். அவர் மீட்டர் காட்டிய உச்சம் எதனுடையது என்பது அவருக்கே வெளிச்சம்.

அடுத்தது சேவை மையம். பாக்ஸையும் கார்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று முக்கால் மணி நேரம் கழித்து மேசையை அடைந்தேன். “அடாப்டர் எங்கே?” என்றார் ஊழியர். பக்கத்திலேயே நான்கைந்து அடாப்டர்கள் சுருண்டு கிடந்தன. அவற்றைக் காட்டினேன். “அது வேறு வோல்டேஜ். எரிந்துபோனால் நாங்கள் பொறுப்பல்ல.” அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் புகார் எண் கொடுத்தபோதே ‘அடாப்டரோடு வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் அடாப்டர், ரிமோட், எச்.டி.எம்.ஐ. கேபிள் என்று வீட்டிலிருந்த அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். ஊழியர் பாக்ஸை இணைத்தார், ஒரு சேனலைப் போட்டார், படம் அருமையாக வந்தது. “பாருங்கள் சார், பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கார்டும் நன்றாக இருக்கிறது. உங்கள் டிஷ்தான் கோளாறு.” டெக்னீஷியன் பாக்ஸைக் குறை சொன்னார், இவர் டிஷ்ஷைக் குறை சொல்கிறார், இருவருக்கும் நடுவில் நான் பந்து. படி இறங்கும்போதுதான் உறைத்தது. அவர் போட்டுக் காட்டியது அந்த நிறுவனத்தின் சொந்த விளம்பரச் சேனல். அதற்குக் கார்டே தேவையில்லை! திரும்பிப் போய்ச் சொல்வதற்குள் மேசையில் ‘உணவு இடைவேளை’ அட்டை.

கோபத்தில் செய்த காரியம்தான் கடைசியில் உருப்படியானது. பக்கத்து வீட்டிலும் அதே நிறுவனத்தின் இணைப்பு. அங்கே போய், “அண்ணா, பத்து நிமிடம் உங்கள் கேபிளைக் கொடுங்கள்” என்று கேட்டு என் பாக்ஸை அவர்கள் கேபிளில் மாட்டினேன். உடைந்துகொண்டிருந்த சேனல்கள், ‘சிக்னல் இல்லை’ என்ற சேனல்கள், எல்லாம் சரியாகிவிட்டன. அவற்றில் இலவசமானவை கண்ணாடி போலத் தெரிந்தன. கட்டணச் சேனல்கள் ஒவ்வொன்றிலும் மட்டும் அதே ‘ஸ்கிராம்பிள்டு’ பட்டை, அசையாமல். பிறகு அவருடைய பாக்ஸை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். கட்டணச் சேனல்கள் திறந்தன, ஆனால் பாதி உடைந்தன.

ஏழு நாளில் யாரும் சொல்லாததை இருபது நிமிடம் சொல்லிவிட்டது. கட்டம் கட்டமாக உடைவதும் ‘சிக்னல் இல்லை’ என்பதும் டிஷ், கேபிள் பக்கத்துக் கோளாறு. ‘ஸ்கிராம்பிள்டு’ என்று சொல்லும்போது பாக்ஸுக்குச் சிக்னல் நன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறது, திறக்கத்தான் உரிமை இல்லை. அது கார்டு, கணக்குப் பக்கத்துக் கோளாறு. என் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றின் முகத்தை மற்றொன்று மறைத்துக்கொண்டிருந்தன. படமே தெரியாமல் கறுப்பாக இருந்து குரல் மட்டும் வந்தால் அது மூன்றாவது வகை. பெரும்பாலும் டிவிக்கும் பாக்ஸுக்கும் இடையிலுள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பையோ, அந்த ஒளிபரப்பு வடிவத்தைப் பழைய பாக்ஸ் அறியாததையோ சந்தேகிக்க வேண்டும். நல்லவேளை, அது எனக்கு வரவில்லை.

முதலில் கேபிள். பாதி சேனல்கள் மட்டும் போகின்றன என்பதே பெரிய துப்பு. டிஷ் முகப்பில் அலையைப் பிடிக்கும் கருவியான எல்.என்.பி.க்குப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு வகை அலையையும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றொரு வகை அலையையும் அது பிடிக்கும். நடுவில் எங்காவது இணைப்பு அரித்துப்போயிருந்தால் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடும். அந்தப் பக்கத்துச் சேனல்கள் கூண்டோடு போகும். மாடிக்குப் போய் எல்.என்.பி. கனெக்டரின் ரப்பர் மூடியை விலக்கினேன். உள்ளே பச்சை. நடுக் கம்பி செம்பாக இல்லாமல் பாசி பிடித்த ஊசி போல இருந்தது; உதறினால் இரண்டு சொட்டுத் தண்ணீர். டெக்னீஷியன் இதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

கேபிள் நுனியில் இரண்டு விரற்கடை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டேன். முதல் முறை, கேபிளின் நடுக் கம்பியைச் சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒற்றை இழை நடுக் கம்பியில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பாக்ஸ் உடனே ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று அலறியது. இழைகளை முழுக்கப் பின்னுக்கு மடக்கி, மறுபடி முறுக்கினேன். சரியாயிற்று. கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பாக்ஸின் மின்சாரத்தைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மேலே மாட்டியதும் மழைநீர் வழிந்து உள்ளே போகாமலிருக்க, கேபிள் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏறும்படி கட்டுங்கள். எங்கள் கேபிள் மேலிருந்து நேராக இறங்கியிருந்தது, தண்ணீருக்குச் சறுக்குமரம்.

மிச்சம் கார்டு. அதைக் கழற்றி, சிப்பை மென்துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். மாட்டிப் பார்த்தேன், பயனில்லை. அதற்குள் ஒரு நண்பர், “இணையத்தில் சாவி விற்கிறார்கள், போட்டுக்கொள்” என்றார். காசு கட்டிய சேனலைத் திருட்டுத்தனமாகத் திறப்பதா? சட்டப்படியும் தவறு, அந்த ஆட்களை நம்பி நம் விவரத்தைக் கொடுப்பதும் வம்பு.

ஒன்பதாம் நாள் இரவு நான்காவது முறையாக அழைத்தேன். இந்த முறை பேசியவர் ஒரு பெண். எடுத்ததுமே, “சார், எண்ணை எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். குறிப்பேடு என்றேன். “அது வேண்டாம். மெனுவில் கார்டு விவரம் என்று இருக்கும், திரையில் தெரிவதைப் படியுங்கள்.” படித்தேன். நான்கு இலக்கம் படிப்பதற்குள்ளேயே எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. குறிப்பேட்டு எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

போன வருடம் கார்டு பழுதாகி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அப்போது மிச்சமிருந்த ஓராண்டுச் சந்தாவை அவர்களே புதிய கார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் எண்ணை நான் தொடவே நேரவில்லை. குறிப்பேட்டில் பழையதே இருந்துவிட்டது. மாற்றத்துக்குப் பிறகு முதல்முறையாக எண் கொடுத்துச் சந்தா கட்டியது இப்போதுதான். பழைய கார்டை அவர்கள் பதிவேட்டில் மூடவில்லை. அதனால் பணத்தையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. ஒன்பது நாளாக ‘சிக்னல் அனுப்பிவிட்டோம்’ என்று அவர்கள் சொன்னதெல்லாம் பொய்யில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த செத்த கார்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். என் மூன்று அழைப்புகளிலும் ஒருவருக்காவது ‘இந்தக் கணக்கில் இரண்டு கார்டு இருக்கிறதே’ என்று தோன்றியிருந்தால்... சரி, தப்பான எண்ணைப் படித்தவன் நான்.

சந்தாவைப் புதிய கார்டுக்கு மாற்ற அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. “அரை மணி நேரம்” என்றார் வழக்கம்போல. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழாவது நிமிடம் பட்டை மறைந்து படம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்த அம்மா, “இந்தத் தொடர் எனக்குப் பிடிக்காதே, வேறு மாற்று” என்றார்.

திரையில் தெரிந்த எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டேன், பாக்ஸின் அடியிலும் ஒட்டிவைத்தேன், குறிப்பேட்டில் பழையதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுப் பாராட்டு பதியலாம் என்று நினைத்தேன். அதற்குள் இணைப்பு துண்டாகிவிட்டது. காலையில் குறுஞ்செய்தி வந்திருந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. காரணம்: டிஷ் சீரமைப்பு.’