பிரசங்கம் தப்பிவிடும், ஸ்க்ரோல் மாட்டிவிடும்

குமரி மாவட்டத்தில் கேபிள் வழியே பக்தி சேனல் நடத்துகிறவர்களுக்குப் பிரசங்கத்தாலோ பூஜையாலோ பெரும்பாலும் தொல்லை வருவதில்லை; அதையெல்லாம் எடிட்டர் பார்த்துத்தான் விடுகிறார். வினை திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலிலும் நேரலையிலும்தான்.

1994ஆம் ஆண்டு கேபிள் விதிகளில் 6ஆம் விதி நிகழ்ச்சிக்கானது. மதங்களைத் தாக்குவதும் மூடநம்பிக்கையை வளர்ப்பதும் அதில் தடை. விளம்பரத்துக்கான 7ஆம் விதி இன்னும் கறார்: மத நோக்குள்ள விளம்பரமே கூடாது, பொருளுக்கு அற்புத சக்தி இருப்பதாகவும் காட்டக்கூடாது. மந்திரித்த தகடும் ஜெப எண்ணெயும் இங்கேதான் சிக்கும். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்பவர் "சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றால் வெட்டிவிடலாம். எண்ணெய் தடவினால் சுகர் போகும் என்று போன் நம்பரோடு ஸ்க்ரோலில் ஓட்டினால், மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். நீரிழிவு அதன் அட்டவணையிலேயே இருக்கிறது.

எம்.எஸ்.ஓ.க்கள், அதாவது கேபிள் ஆபரேட்டர்களுக்குச் சிக்னல் தரும் நிறுவனங்கள், நடத்தும் உள்ளூர் சேனல்களுக்கு 2022 நவம்பரில் வந்த நெறிமுறை, ஒளிபரப்பியதை 90 நாள் பதிந்து வைப்பதைக் கட்டாயமாக்கியது. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி, 90 நாளுக்கு 1,944 ஜிபி. 2 டிபி டிஸ்க் கழுத்துவரை நிரம்பிவிடும். 4 டிபி போடுங்கள். நிகழ்ச்சிகளை ஓட்டும் பிளேஅவுட் கம்ப்யூட்டரிலிருந்து பதிவு எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஸ்க்ரோல் அதற்குப் பிறகுதான் படத்தில் ஏறுகிறது. புகார் வந்த வரி பதிவில் இருக்காது. செட்டாப் பாக்ஸ் அவுட்புட்டிலிருந்து எடுத்தால் வீட்டில் பார்த்தது அப்படியே கிடைக்கும். கரண்ட் போய் வந்ததும் ரெக்கார்டரின் கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

உள்ளூர் சேனலின் நிகழ்ச்சியை வேறு எம்.எஸ்.ஓ.வுக்குப் பகிரக் கூடாது. வழிபாட்டுத் தல நேரலைக்கு மட்டும் விலக்கு. நடுவே செருகும் ஸ்டூடியோ பேட்டியை அந்த ஃபீடில் அனுப்பாமல் இருப்பது உத்தமம்.

மண்டைக்காடு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா என்றால் ஆடியோவில்தான் கண் இருக்க வேண்டும். 1982 மண்டைக்காடு கலவரத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மைக்கில் யாரோ ஆவேசத்தில் விடும் ஒரு சொல் போதும். கூட்டத்தின் மைக்குக்குத் தனி ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் பிடி) வேண்டும். கோபுரத்தையோ கொடிமரத்தையோ காட்டும் நிலையான கேமரா ஒன்று எப்போதும் தயாராக நிற்க வேண்டும். சொல் விழுந்ததும் ஃபேடரை இறக்கி அங்கே தாவிவிடலாம்.

மத நல்லிணக்கம் கெடும் என்று தோன்றினால் 1995ஆம் ஆண்டு கேபிள் டிவி சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒளிபரப்பை நிறுத்த உத்தரவிடும் அதிகாரம் கலெக்டருக்கும் சப்-கலெக்டருக்கும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் அந்த நேரத்துக்கு நிறுத்திவிட்டு, எழுத்தில் உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அன்றே அந்த மணி நேரப் பதிவை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். 91ஆம் நாள் சாஃப்ட்வேர் தானாக அழித்துவிடும், விசாரணையோ அதற்குப் பிறகுதான் கூப்பிடும்.