மணி பிளான்ட் மேலே ஏறுகிறது

பிப்ரவரி 4
அலமாரி மேலிருந்து தொங்கிய மணி பிளான்ட்டை இன்று கீழே இறக்கினேன். கொடி ஆறடி இருக்கிறது, ஆனால் நுனிக்குப் போகப் போக இலை சிறுத்துவிட்டது. கடைசி இலை கட்டைவிரல் அகலம்தான். உரம் போதவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவுதான் இதன் சொந்த ஊர். மரத்தைப் பற்றி ஏறினால்தான் இதற்கு இலை பெருக்கும். காட்டு மரத்தில் ஏறியதில் முழ நீளத்தையும் தாண்டுமாம். நான் தொங்கவிட்டே வளர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 5
தொட்டியில் தேங்காய் நார் சுற்றிய கம்பு. இரண்டடி விட்டு மீதிக் கொடியை வெட்டி, விட்டதைக் கம்போடு தளர்வாகக் கட்டினேன். வெட்டிய துண்டுகளெல்லாம் தண்ணீர்ப் புட்டியில். காம்போடு பிய்ந்து வந்த தனி இலை ஒன்றையும் சேர்த்தே போட்டேன். சாறு பட்டு மணிக்கட்டு அரிக்கிறது. கால்சியம் ஆக்சலேட் படிகங்களின் வேலை. அடுத்த முறை கையுறை.

பிப்ரவரி 27
எல்லாவற்றிலும் வேர். தனி இலையிலும்!

மார்ச் 30
துண்டுகளில் தளிர் வந்துவிட்டது. தனி இலை அப்படியே நிற்கிறது. தளிர் விடும் மொட்டு கணுவில்தான் இருக்கும். இதில் கணுவே இல்லை. வேர் வந்ததைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன்.

ஏப்ரல் 12
அடி இலைகள் மஞ்சள். கிளறினால் கெட்ட வாடை, இரண்டு வேர் கறுத்து நசநசவென்று கையோடு வந்தன. தப்பு என்னுடையது. நார் ஈரமாக இருந்தால் கொடி பிடித்துக்கொள்ளும் என்று தினமும் மேலிருந்து ஊற்றினேன். அவ்வளவும் தொட்டிக்குள்தான் போயிருக்கிறது. அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண் மாற்றினேன். இனி நாருக்குத் தெளிப்பான் மட்டும். மண்ணுக்கு, விரல் விட்டுப் பார்த்து, மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான்.

மே 21
கணுவிலிருந்து வந்த பழுப்பு வேர்கள் நாருக்குள் நுழைந்துவிட்டன. கட்டை அவிழ்த்தேன், விழவில்லை!

ஜூன் 8
பூக்குமா என்று அக்கா கேட்டாள். அநேகமாகப் பூக்காது. பூக்கத் தேவையான ஜிப்ரெல்லின் ஹார்மோன் இதற்குச் சுரப்பதில்லை. 2016இல்தான் அது தெரியவந்தது. அந்த ஹார்மோனைத் தெளித்துப் பூக்கவும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இலையே போதும்.

ஜூலை 15
புது இலை உள்ளங்கையை முழுசாக மறைக்கிறது. கீழே உள்ள பழைய இலைகள் அதே அளவுதான், அவை இனி வளராது. கம்பு இன்னும் ஒரு சாண்தான் மிச்சம், அடுத்ததை மேலே செருக வேண்டும்.

தனி இலை இன்னும் புட்டியில் பச்சையாகவே இருக்கிறது. தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.